மனிதப் பிணைப்புத் துறை

வாஷிங் மெஷினும் ஃப்ரிட்ஜும் செய்து விற்கும் அந்தக் கம்பெனி, வாடகை மிச்சமாகிறதே என்று அலுவலகத்தை இழுத்து மூடிவிட்டு எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. நாற்காலிகளை ஏலம் விட்டார்கள். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் கூடி வம்பளந்தவர்கள் அவரவர் சமையலறையில் தனியாக நின்று தண்ணீர் குடித்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியதில் ஊழியர்கள் தனிமையில் வாடுகிறார்கள் என்று தெரியவந்தது. நிர்வாகம் ஆடிப்போய்விட்டது. இது எப்படி நடந்திருக்கும் என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழுவும் ஆராய்ந்தது. காரணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கண்டுபிடித்தது. அதன் பலனாகப் பிறந்ததுதான் மனிதப் பிணைப்புத் துறை.

அந்தத் துறையிடம் வகையாக மாட்டிக்கொண்டவர் உதிரிபாகம். கம்பெனியில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் கிடையாது. பார்க்கும் பிரிவுதான் பெயர். இவர் உதிரிபாகப் பிரிவு. படுக்கையறை மூலையில் துணி தேய்க்கும் மேசைமேல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, யார் வீட்டு மெஷினில் மோட்டார் எரிந்ததோ, யார் வீட்டு ஃப்ரிட்ஜில் கதவு ரப்பர் கிழிந்ததோ, அவர்களுக்குப் புதுப் பாகம் அனுப்ப உத்தரவு போடுவார். போடுவதற்கு முன்னால் அந்த மெஷினுக்கு இன்னும் உத்தரவாதம் இருக்கிறதா என்று கேட்டாக வேண்டும். அதைச் சொல்பவர் உத்தரவாதப் பிரிவில் இருந்த ஐம்பது தாண்டிய ஒற்றைக்கட்டை மனிதர். அவர் பெயர் உத்தரவாதம்.

அலுவலகம் இருந்த காலத்தில் இருவரும் வேறு வேறு மாடி. ஒருவரை ஒருவர் கண்ணால் கண்டதில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் ஃபோனில் பழக்கம். மதியச் சாப்பாட்டு வேளையில் உதிரி கூப்பிடுவார். "அண்ணே, மோட்டார் எரிஞ்ச கேஸ் ஒண்ணு. உத்தரவாதம் இருக்கா பாருங்க" என்று ஆரம்பிக்கும். மோட்டார் விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் உதிரியின் மனைவி வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் யார் மயங்கி விழுந்தார்கள், அண்ணன் வைத்த குழம்பு ஏன் அடிபிடித்தது, அரசாங்கம் கவிழுமா, முட்டிவலிக்கு என்ன தைலம் என்று போகும். நடுநடுவே அண்ணன் பக்கமிருந்து பாம் பாம் என்று ஹார்ன் சத்தம் கேட்கும். அவர் குடியிருந்த மாடிக்குக் கீழே வண்டி ஹார்ன் ரிப்பேர் கடை. ரிப்பேர் செய்ததை அடித்துப் பார்க்காமல் யாராவது வாங்கிக்கொண்டு போவார்களா? எதிரே பஸ் நிலையம். "நான் தூங்கினாலும் பஸ் போற ஊர் பேரெல்லாம் ஒப்பிப்பேன் தம்பி" என்பார்.

இப்படி இருக்கையில்தான் ஒரு திங்கட்கிழமை எல்லோரும் திரையில் கூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பிணைப்பு இயக்குநர் தோன்றினார். அவருக்குப் பின்னால் பெரிய புத்தக அலமாரி தெரிந்தது. அலமாரி நிஜமில்லை, கம்ப்யூட்டர் வரைந்தது. அதனால் அவர் தலையை அசைக்கும்போதெல்லாம் ஒரு காது அலமாரிக்குள் காணாமல் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"நண்பர்களே!" என்றார் இயக்குநர். "நான் உங்களை ஊழியர்கள்னு சொல்ல மாட்டேன். நண்பர்கள்னுதான் சொல்வேன். ஏன்னா உங்க யார் பேரும் எனக்குத் தெரியாது. மனுஷனுக்கு மனுஷன் வேணும். இதை நான் சும்மா சொல்லல, நிறைய செலவு பண்ணித் தெரிஞ்சுக்கிட்டது. இனிமே இந்தக் கம்பெனியில யாரும் தனியா இருக்க முடியாது. அதுக்கு நாங்க விட மாட்டோம்."

எல்லோரும் கைதட்டும் பொம்மையை அழுத்தினார்கள். உதிரி தவறுதலாக அழும் பொம்மையை அழுத்திவிட்டார். இயக்குநர் நெகிழ்ந்துபோய், "பாருங்க, ஒருத்தர் அழுறார். இதுதான் ஆரம்பம்" என்றார். அவர் சொன்னது சரிதான்.

மறுநாளே காலையில் மனந்திறப்பு நேரம் வந்தது. வேலை தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தன் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். நடத்தியவர் ஒருங்கிணைப்பாளர் என்ற இளம்பெண். தொட்டிலை ஆட்டிக்கொண்டே பேசுவது போன்ற குரல் அவருக்கு.

"உதிரிபாகம் சார், உங்க மனசுல இப்ப என்ன ஓடுது?"

"கேஸ் தீர்ந்துபோச்சும்மா."

"சார், அது தகவல். நான் கேக்கறது உணர்வு."

"பாதி சமையல்ல தீர்ந்துபோச்சும்மா."

"அதனால உங்களுக்குள்ள என்ன தோணுச்சு?"

உதிரி கொஞ்சம் யோசித்தார். "வெளியில வாங்கிச் சாப்பிடலாம்னு தோணுச்சு."

அவருடைய கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு விழுந்தது. மனம் சரியாகத் திறக்கவில்லை என்று அர்த்தமாம். அடுத்து வந்த தவணைப் பிரிவுப் பெண் அனுபவசாலி. "என் குழந்தைப் பருவம் எனக்குள் ஒரு நதியைப் போல..." என்று ஆரம்பித்தார். அவருக்குப் பச்சைக் கோடு. நாலைந்து நாளில் எல்லோரும் நதி, மழை, சிறகு என்று தேறிவிட்டார்கள். உதிரி மட்டும் தண்ணி வரவில்லை, தலைவலிக்கிறது என்று உண்மையைப் பேசிச் சிவப்பிலேயே கிடந்தார்.

பிறகு தற்செயல் சந்திப்புத் திட்டம் வந்தது. அலுவலக வராந்தாவில் எதிரெதிரே வந்து பேசிக்கொள்வது போல, திரையில் இரண்டு பேரைத் திடீரென்று சந்திக்க வைப்பார்கள். திடீரென்று நடக்கப் போவது என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று முந்தின வாரமே அறிவிப்பு வரும். வழிகாட்டுக் குறிப்பும் கூடவே வரும். சந்தித்தவுடன் "அட, நீங்களா!" என்று சொல்ல வேண்டும். முகத்தில் வியப்பு இருக்க வேண்டும். உதிரிக்கு ஜோடியாக வந்த கிடங்குப் பிரிவு ஆசாமி தாமதமாக வந்து சேர்ந்து, "ஸாரி சார், உங்களைத் தற்செயலா சந்திக்கணும்கறதே மறந்துபோச்சு" என்றார். இருவருக்கும் எச்சரிக்கை வந்தது.

இதெல்லாம் போகட்டும். ஒரு நாள் ஒருங்கிணைப்பாளர் உதிரியைத் தனியாகத் திரைக்கு அழைத்தார்.

"சார், நீங்களும் உத்தரவாதம் சாரும் தினமும் கம்பெனி ஃபோன்ல ரொம்ப நேரம் பேசறீங்க. எங்க கணக்குல அது எதுவுமே வரல."

"பேசறது தப்பாம்மா?"

"ஐயோ, தப்புன்னு யார் சொன்னா? எல்லாரும் பேசணும்கறதுக்குத்தானே சார் இந்தத் துறையே இருக்கு. ஆனா பதிவாகாம பேசினா அது பிணைப்பு இல்லை சார். அது அரட்டை."

"நாங்க நல்லாத்தாம்மா பழகறோம்."

"அதான் சார் பிரச்சினை. யாரோட மேற்பார்வையும் இல்லாம நல்லாப் பழகறீங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யார் பொறுப்பு?"

அத்தோடு உத்தரவாதம் கேட்கும் வேலையைத் திரைக்கே மாற்றினார்கள். உதிரி மெஷின் எண்ணைப் போட்டால் அண்ணனிடமிருந்து உண்டு அல்லது இல்லை என்று பதில் வரும். இருவரும் சொந்த ஃபோனில், சாப்பாட்டு வேளையில், கள்ளக்காதலர்கள் போலப் பேசிக்கொண்டார்கள். "தம்பி, நம்ம உறவு கம்பெனிக்குத் தெரிஞ்சுபோச்சு போலிருக்கே" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிணைப்பு நிகழ்ச்சிகள் பெருகப் பெருக வேலை தேங்கியது. வேலையைப் பார்த்தால் பிணைப்பு கெட்டது. துறை இதற்கும் வழி கண்டுபிடித்து, இருப்புத் துணை என்று ஒன்றைக் கொடுத்தது. ஒவ்வொருவரும் ஒரு முறை சிரித்து, தலையாட்டி, சில நல்ல வாக்கியங்கள் பேசிப் பதிவுசெய்து கொடுத்துவிட்டால் போதும். அப்புறம் ஆளுக்குப் பதில் அந்தப் பதிவு கூட்டங்களில் உட்கார்ந்து சிரிக்கும், தலையாட்டும், மனம் திறக்கும். ஒரே மாதத்தில் மனந்திறப்பு நேரத்தில் பெரும்பாலும் பதிவுகளே கலந்துகொண்டன. பதிவு பேச, பதிவுகள் தலையாட்டின. சிவப்புக் கோடே விழவில்லை. கம்பெனியின் நெருக்கம் இதுவரை காணாத உயரத்தைத் தொட்டுவிட்டதாக இயக்குநர் அறிவித்தார்.

அந்த வாரம்தான் அண்ணன் ஃபோனை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் மணி அடித்து ஓய்ந்தது. குளிக்கப் போயிருப்பார் என்று உதிரி விட்டுவிட்டார். சாயங்காலமும் எடுக்கவில்லை. மறுநாள் காலை மனந்திறப்பில் அண்ணனுடைய கட்டம் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தது. "இன்று என் மனம் நிறைவாக இருக்கிறது" என்றது. அண்ணன் ஒரு நாளும் நிறைவாக இருந்தவர் இல்லை. உத்தரவாதம் பற்றி எண்ணைப் போட்டுக் கேட்ட கேள்விகளும் அப்படியே பதிலில்லாமல் கிடந்தன.

ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டார்.

"அம்மா, உத்தரவாதம் அண்ணன் ஃபோன் எடுக்க மாட்டேங்கறார். தனியா இருக்கற மனுஷன். கொஞ்சம் வீட்டு விலாசம் குடுங்களேன்."

"சார், காலையில பாத்தீங்கல்ல? எவ்ளோ சந்தோஷமா இருந்தார்!"

"அது பதிவும்மா."

"பதிவா இருந்தாலும் அவரோட சிரிப்புதானே சார்? இந்த மாசம் அவர்தான் நெருக்கத்துல முதலிடம். அவரைப் பத்தியா கவலைப்படறீங்க?"

"விலாசம் மட்டும் குடுங்கம்மா."

"அது தனிப்பட்ட தகவல் சார். எங்க துறைக்கு மனசு வரைக்கும்தான் அனுமதி. வீடு வேற துறை." அவர் குரல் இன்னும் இனிமையானது. "ஒண்ணு பண்ணலாம். உங்க ரெண்டு பேருக்கும் ஒரு அக்கறைச் சந்திப்பு போட்டுத் தர்றேன். அடுத்த வியாழக்கிழமை காலியா இருக்கு."

உதிரி அக்கறைச் சந்திப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அன்று மனைவிக்கு வார விடுமுறை. தலைக்குத் துண்டு சுற்றிக்கொண்டு வந்தவள், கணவன் மூஞ்சியைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டாள்.

"ஏங்க, ஒரு மனுஷன் ரெண்டு நாளா ஃபோன் எடுக்கலைன்னா போய்ப் பாக்கணும். வியாழக்கிழமைக்குப் பேர் குடுத்துட்டு உக்காந்திருக்கீங்க!"

"வீடு எங்கன்னு தெரியாதே."

"தினமும் ராத்திரி நீங்க சொல்ற கதை என் காதுலயும்தான் விழுது. பஸ் நிலையத்துக்கு எதிர்ல, ஹார்ன் கடை மாடின்னு. ஊருக்கு எத்தனை பஸ் நிலையம் இருக்கப்போகுது?"

"இப்ப பிணைப்பு மாநாடு நடக்குது. இயக்குநர் பேசிட்டிருக்கார். எழுந்தா மெமோ வரும்."

"வரட்டும். அதை வெச்சு மேசை துடைச்சுக்கறேன். நான் ஸ்கூட்டர் எடுக்கறேன், நீங்க சட்டையை மாத்திக்கிட்டு வாங்க."

திரையில் இயக்குநர், "ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்காக எழுந்து நிற்கும் தருணம்..." என்று உருகிக்கொண்டிருந்தார். உதிரி எழுந்து நின்றார். சட்டையை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஹார்ன் கடை ஒன்றுதான் இருந்தது. பக்கவாட்டில் குறுகலான மாடிப்படி. மேலே போய்க் கதவைத் தட்டினார்கள். உள்ளே தாழ்ப்பாள். காதை வைத்துக் கேட்டால் முனகல் போல ஏதோ கேட்டது. உடனே கீழே ஒரு ஹார்ன் அலறி அதை அமுக்கிவிட்டது. உதிரியின் மனைவி படியிலிருந்தபடியே கீழே பார்த்து, "யோவ், அதை நிறுத்துய்யா!" என்று போட்ட சத்தத்தில் ஹார்ன் மட்டுமல்ல, நின்றிருந்த பஸ்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் கடப்பாரையோடு ஓடிவந்தார். மூன்று பேருமாகத் தாழ்ப்பாளைப் பெயர்த்தார்கள்.

அண்ணன் குளியலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் தரையில் கிடந்தார். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஊர்ந்து வந்து ஒரு வாளித் தண்ணீரை மட்டும் எட்டிப் பிடித்திருக்கிறார். ஃபோன் மேசைமேல் இருந்தது. அது அடித்ததையெல்லாம் படுத்தபடியே கேட்டிருக்கிறார். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது.

"யாரு?" என்றார்.

"அண்ணே, நான்தான். உதிரி."

அண்ணன் கீழேயிருந்து அவரை மெல்ல அளந்து பார்த்தார். "இவ்ளோ உயரமாடா நீ? திரையில உக்காந்தே பாத்துட்டேன்" என்றார். அப்புறம் அழ ஆரம்பித்தார். "கத்தினேன்டா தம்பி. கத்தினப்பல்லாம் கீழ ஹார்ன் அடிச்சானுங்க."

ஹார்ன் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் பிடிக்க ஓடினார்.

இன்னும் ஒரு நாள் போயிருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டார் என்றார் டாக்டர். அன்றே அறுவை சிகிச்சை நடந்தது. உதிரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ஃபோனுக்கு மெமோ வந்தது. மனிதப் பிணைப்பு குறித்த இயக்குநரின் உரை நடந்துகொண்டிருக்கும்போது, முன் அனுமதியின்றி ஒரு மனிதரைப் பார்க்கச் சென்றதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். உதிரி நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினார். வேலை போய்விடும் என்றே நினைத்தார். மனைவியிடம் சொன்னபோது, "போனா போகட்டும். மனுஷன் போகலியே" என்றாள்.

ஆனால் மறுநாள் ஒருங்கிணைப்பாளரே கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது.

"சார்! உங்க விளக்கத்தைப் படிச்சு இயக்குநர் சார் கண் கலங்கிட்டார். நம்ம திட்டம் ஒரு உயிரையே காப்பாத்தியிருக்கு!"

"எந்தத் திட்டம்மா?"

"தானா எழுந்து போய்ப் பாக்கணும்னு உங்களுக்குத் தோணுச்சே, அந்த உணர்வு எங்கருந்து வந்தது? இத்தனை மாசமா நாங்க உங்க மனசைத் திறந்ததுதானே!"

"என் பெண்டாட்டி சொல்லிப் போனேன்மா."

"அவங்களையும் பிணைப்புல சேர்த்துக்கலாம் சார். இப்ப விஷயம் என்னன்னா, இயக்குநர் சார் நோயாளியை நலம் விசாரிக்க வரப் போறார். நேரடி வருகை. கம்பெனி முழுக்கப் பாக்கப் போகுது."

"ஆஸ்பத்திரிக்கா வர்றார்?"

"திரையில சார்."

"அவர் வீடு எங்கம்மா?"

"அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னாடித் தெருதான். ஆனா நடந்து வந்தா எல்லாரும் எப்படிப் பாக்கறது?"

அதற்காகக் கூரியரில் ஒரு டேப்லெட்டும் அதை நிறுத்த ஒரு ஸ்டாண்டும் வந்தன. உதிரி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். அண்ணன் ஊசியின் மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். பெட்டியைத் தூக்கிவந்த வார்டு ஊழியர், "ஆபரேஷன் ஆன பெரியவர் யாரு?" என்று பொதுவாகக் கேட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற லாரி டிரைவர், "நான்தாம்ப்பா" என்றார். அவருக்குக் கண்ணில் ஆபரேஷன். இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டுப்போட்டிருந்தார்கள். ஊழியர் டேப்லெட்டை அவர் முகத்துக்கு நேரே நிறுத்திவிட்டுப் போனார்.

உதிரி மருந்தோடு திரும்பியபோது இயக்குநர் ஆரம்பித்துவிட்டார். அலமாரியும் காதும் வழக்கம்போல் இருந்தன.

"என் அருமை நண்பரே! உங்களை நான் என்னைக்கும் மறந்ததில்லை. உங்க முகம் என் மனசுல பதிஞ்சு கிடக்கு."

எதிரே யாரோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாகவே லாரி டிரைவர் நினைத்தார். "அப்படியா தம்பி? சந்தோஷம்" என்றார்.

உதிரி பதறிப்போய்க் கையை ஆட்டினார். இயக்குநர் அதை ஆரவாரம் என்று எடுத்துக்கொண்டார்.

"நீங்க விழுந்தப்போ விழுந்தது நீங்க மட்டும் இல்லை. இந்தக் கம்பெனியே விழுந்தது! நீங்க எழுந்தப்போ..."

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. சாப்டீங்களா?"

இயக்குநர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். எழுதிவைத்திருந்த பேச்சில் அதற்குப் பதில் இல்லை.

"இல்ல... இன்னும் இல்ல."

"மணி என்ன ஆகுது? ஏன் சாப்பிடல? வீட்ல ஆள் இல்லியா?"

"இல்ல. அவங்க போயி ரொம்ப நாளாச்சு."

"அடடா. காலமாயிட்டாங்களா?"

"இல்ல, கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்கு. நான் காது குடுத்துக் கேக்கறதே இல்லையாம்."

"போய்க் கூட்டிட்டு வர்றதுதானே?"

"மெயில் அனுப்பியிருக்கேன்" என்றார் இயக்குநர்.

கம்பெனி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்தவற்றில் பெரும்பாலானவை பதிவுகள். அவை சிரித்துத் தலையாட்டின. இயக்குநருக்கு அப்போதுதான் சுயநினைவு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதுதான் நண்பர்களே, மனசு திறக்கறதுங்கறது!" என்று முடித்துவிட்டு மறைந்தார்.

அந்தக் காட்சியை வெட்டி ஒட்டி, ஆண்டின் ஆழமான பிணைப்பு என்று விருது கொடுத்தார்கள். விருதுப் படத்தில் கண்கட்டோடு லாரி டிரைவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே உத்தரவாதம் என்று எழுதியிருந்தது. கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்த நிஜ உத்தரவாதம் சிரிக்க ஆரம்பித்து, தையல் இழுத்து, "ஐயோ" என்று நிறுத்தினார். உதிரியின் மெமோவை ரத்து செய்யவில்லை. விருதும் மெமோவும் வேறு வேறு பிரிவாம். அண்ணனை இடுப்பு கூடும்வரை தன் வீட்டில் வைத்துக்கொள்வதென்று உதிரியின் மனைவி முடிவு செய்தாள். அவர் கட்டிலுக்கு இடம் வேண்டுமே என்று துணி தேய்க்கும் மேசையைத் தூக்கிக் கூடத்தில் போட்டாயிற்று.

லாரி டிரைவர் வீட்டுக்குப் புறப்படும் நாளில் அவருக்குக் கண்கட்டை அவிழ்த்தார்கள். அவர் முதலில் கேட்டது இயக்குநரைத்தான்.

"அன்னைக்கு வந்தாரே, பாவம், சாப்பிடாத தம்பி. அவர் முகத்தைப் பாக்கணுமே. வீடு எங்க?"

உதிரி தயங்கினார். ஆனால் அதற்குள் அவர் மனைவி ஜன்னல் வழியாகப் பின் தெருவைக் காட்டி, கம்பெனி இயக்குநர் வீடு எது என்று கேட்டால் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டாள்.

பெரியவர் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, வந்தவர்கள் கொடுத்த வாழைப்பழச் சீப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனார். போன கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டார். கையில் பழம் இல்லை.

"பாத்தீங்களா?" என்று கேட்டார் உதிரி.

"எங்க பாத்தேன்? மணியை அடிச்சேன். கதவுகிட்ட ஒரு பொட்டி இருக்கு, அதுல இருந்து பேசினாரு. யாருன்னு கேட்டாரு. சொன்னேன். அன்னைக்குப் பேசினோமே தம்பி, நான்தான் வந்திருக்கேன்னேன்."

"என்ன சொன்னார்?"

"ரொம்ப நெகிழ்ச்சியா இருக்குன்னாரு. முன்கூட்டி சொல்லிட்டு வந்தா நல்லா இருக்கும்னாரு." பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து, புதுக் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார். "கதவு மட்டும் தொறக்கல. என்ன கஷ்டமோ. பழத்தை வாசல்லயே வெச்சுட்டு வந்துட்டேன். பசிச்சா எடுத்துக்குவாரு."